நசுக்கினால் ஒன்று, நறுக்கினால் ஒன்று



சில மாதங்களாக நமக்கு வரும் கடிதங்களில் பூண்டு வாடை தூக்கலாக இருக்கிறது. வெறும் வயிற்றில் நான்கு பல் பச்சைப் பூண்டு விழுங்கினால் ரத்த அழுத்தம் இறங்குமா என்று ஒருவர் கேட்கிறார். உள்ளங்காலில் வெங்காயத் துண்டை வைத்துக் காலுறை போட்டுப் படுத்தால் காய்ச்சல் வடிந்துவிடுமாமே, உண்மையா என்று இன்னொருவர். வெட்டிவைத்த வெங்காயம் காற்றிலுள்ள கிருமிகளை எல்லாம் உறிஞ்சி நஞ்சாகிவிடும் என்று வந்த வாட்ஸ்அப் செய்தியை அச்செடுத்தே அனுப்பியிருக்கிறார் ஓர் அம்மா. அவர் வீட்டில் இப்போது மிச்ச வெங்காயமெல்லாம் குப்பைக்குப் போகிறதாம். வெங்காயம் விற்கிற விலைக்கு இது நியாயமா?

எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் வெங்காயத்தையும் பூண்டையும் மருந்துக் கடைக்கு அனுப்புவதற்கு முன்னால் அடுப்படியில் கொஞ்ச நேரம் நிற்போம். அங்கே இருக்கிற விஷயம்தான் பெரிது.

உரிக்காத வெங்காயம் ஒன்றை எடுத்து முகர்ந்து பாருங்கள். மண் வாடையைத் தவிரப் பெரிதாக எதுவும் வராது. முழுப் பூண்டும் அப்படித்தான். கத்தி பட்ட பிறகுதான் நெடி கிளம்புகிறது. மண்ணிலிருந்து உறிஞ்சிய கந்தகத்தை இந்தச் செடிகள் வாசமில்லாத ஒரு பொருளாக மாற்றிச் சேர்த்து வைக்கின்றன. அதை உடைக்கக்கூடிய அல்லினேஸ் என்ற நொதியை அதற்கு எட்டாத இடத்தில் தனியே வைத்திருக்கின்றன. புழுவோ எலியோ கடித்தால் தடுப்பு உடைந்து இரண்டும் கலக்கும், காரம் பொங்கும், கடித்தது ஓடிவிடும். புழுவை விரட்டச் செடி செய்துகொண்ட அந்த ஏற்பாட்டைத்தான் நாம் எண்ணெயில் போட்டுத் தாளித்து, ஊரே மணக்கிறது என்று மூக்கை உறிஞ்சுகிறோம். உலகத்தில் வேறெந்தப் பிராணியும் இவ்வளவு ஆசையாக இதைத் தேடித் தின்பதாகத் தெரியவில்லை.

கண்ணில் நீர் வருவது ஏன் என்ற கேள்விக்கு முழு விடை கிடைத்தது 2002ல்தான். ஜப்பானில் கறி மசாலாவுக்குப் பெயர்போன ஹவுஸ் ஃபுட்ஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், வெங்காயத்தில் அல்லினேஸ் தவிர இரண்டாவதாக இன்னொரு நொதி இருப்பதையும், கண்ணைக் கரிக்கும் ஆவியை உண்டாக்குவது அதுதான் என்பதையும் கண்டுபிடித்து நேச்சர் இதழில் எழுதினார்கள். முதலில் சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசு 2013ல் அவர்களுக்குக் கிடைத்தது. அதே நிறுவனம் பிற்பாடு கண்ணீர் வராத வெங்காயத்தையும் உருவாக்கியது. நான் தின்றதில்லை. காரம் எழுவதற்கான நொதியையே அடக்கிய வெங்காயம் பழைய சோற்றுக்கு எந்த வகையில் துணை நிற்கும் என்று எனக்கு விளங்கவில்லை. வீட்டில் கண் எரிச்சலைக் குறைக்க வேண்டுமானால், வெங்காயத்தைச் சற்று நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்து, நல்ல கூரான கத்தியால் நறுக்குங்கள். குளிரில் அந்த ஆவி மெதுவாகவே எழும். கூரான கத்தி குறைவாக நசுக்கும்.

இந்த வேதியியல் எதுவும் தெரியாத காலத்திலேயே நம் வீட்டுப் பெண்கள் இதைக் கையளவில் தெரிந்து வைத்திருந்தார்கள் என்பதுதான் எனக்கு வியப்பு. ரசத்துக்குப் பூண்டைத் தோலோடு நசுக்கிப் போடுகிறோம். நசுக்கும்போது அல்லிசின் என்ற காரப் பொருள் உண்டாகி, கொதி வருவதற்குள் ரசத்துக்குள் காரமும் மணமும் இறங்கிவிடுகின்றன. பூண்டுக் குழம்புக்கோ உரித்த பல்லை முழுசாக நல்லெண்ணெயில் வதக்குகிறோம். சூடு முதலில் நொதியைச் செயலிழக்கச் செய்துவிடுகிறது. காரம் எழவே வாய்ப்பில்லை. வெந்த பல் வாயில் வைத்தால் வெண்ணெயாகக் கரைந்து இனிக்கிறது. அதே பூண்டு, அதே அளவு, ஆனால் சுவையில் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. சின்ன வெங்காயத்தை சாம்பாருக்கு முழுதாகவும், துவையலுக்கு வதக்கியும், கம்பங்கூழுக்கு அப்படியே கடித்துக்கொள்ளவும் வைத்தவர்கள் எந்த ஆய்வுக்கூடத்துக்கும் போனவர்கள் இல்லை. நீளமாக அரிவதும் பொடியாக அரிவதும் அழகுக்காக மட்டும் என்று நினைக்கிறவர்கள், ஒரே வெங்காயத்தைப் பாதிப் பாதியாக இரண்டு விதமாக வெட்டிப் பச்சையாகத் தின்று பாருங்கள்.

ஊறுகாய் போட்டவர்கள் சிலர் பயந்துபோய் எழுதுவதுண்டு: எலுமிச்சைச் சாற்றில் கிடந்த பூண்டு பச்சையாகவோ நீலமாகவோ மாறிவிட்டது, கொட்டிவிடவா? கொட்ட வேண்டாம். புளிப்பு பட்டதும் அதே கந்தகப் பொருள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து நிறம் காட்டுகின்றன. கெட்டுப்போனதாகப் பொருள் இல்லை. சீனாவின் வடபகுதியில் வினிகரில் ஊறவைத்துப் பூண்டை வேண்டுமென்றே பச்சையாக்கிப் புத்தாண்டுக்குப் பரிமாறுகிறார்கள்.

குடும்பம் என்று எடுத்துக்கொண்டால் இது பெரிய கூட்டம். வெங்காயம், பூண்டு, வெங்காயத் தாள், நுவரெலியா மலையிலிருந்து இலங்கை முழுவதும் இறங்கும் லீக்ஸ் என்று நாம் தின்பவை சிலவே. அல்லியம் என்ற பேரினத்தில் 700க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. 2009ல் தாவரவியலாளர்கள் வகைப்பாட்டைத் திருத்தியபோது இந்தப் பேரினம் நார்சிஸ்ஸ மலர்களும் நம் ஊர் விஷமூங்கிலும் இருக்கும் குடும்பத்தில் போய்ச் சேர்ந்தது. அந்த உறவினர்களின் கிழங்கு நஞ்சு. குளிர் நாடுகளில் டாஃபடில் பூச்செடியின் கிழங்கை வெங்காயம் என்று எண்ணிச் சமைத்து மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு. வாசத்தில் இவற்றின் பங்காளி போலத் தோன்றும் பெருங்காயமோ இந்தக் குடும்பமே இல்லை. அது கொத்தமல்லி, சீரகத்தின் வகையறா. கந்தகம் மட்டும் பொது. அதனால்தான் வெங்காயம் பூண்டு சேர்க்காத வீடுகளில் ஒரு சிட்டிகைப் பெருங்காயம் அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது.

சேர்க்காதவர்களைப் பற்றிச் சொல்லும்போது ஒரு பழைய சுவடி நினைவுக்கு வருகிறது. 1890ல் மத்திய ஆசியாவின் குச்சா நகரில், ஹாமில்டன் போவர் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரியின் கைக்கு பூர்ஜ மரப்பட்டையில் எழுதிய சமஸ்கிருதச் சுவடிகள் கிடைத்தன. ஏறத்தாழ 1,500 ஆண்டுப் பழமை உடையவை. இன்று ஆக்ஸ்ஃபோர்டு பாட்லியன் நூலகத்தில் இருக்கின்றன. அவற்றின் முதல் பகுதியே பூண்டின் பெருமையைச் சொல்லும் மருத்துவ நூல். அசுரனின் கழுத்தை விஷ்ணு அறுத்தபோது சிந்திய ரத்தத்திலிருந்து பூண்டு முளைத்தது, ஆகவே பிராமணர்கள் அதை உண்பதில்லை என்று கதை சொல்கிறது. சொல்லிவிட்டு வழியும் காட்டுகிறது: மூன்று இரவு பசுவுக்குப் புல்லைக் குறைத்துவிட்டு, பிறகு புல்லோடு பூண்டுத் தாளைக் கலந்து தீனியாகக் கொடுத்தால், அதன் பாலையும் தயிரையும் நெய்யையும் பிராமணர்கள் தாராளமாக உண்ணலாமாம்! ஆசாரமும் கெடாது, மருந்தும் உள்ளே போய்விடும். எழுதிய வைத்தியர் கெட்டிக்காரர்.

பூண்டின் சொந்த ஊரும் அந்த மத்திய ஆசிய மலைப்பகுதிதான். அங்கிருந்து அது மிகப் பழங்காலத்திலேயே எகிப்துக்குப் போய்விட்டது. துட்டன்காமன் கல்லறையில் பூண்டு கிடைத்திருக்கிறது. பிரமிடு கட்டிய தொழிலாளர்களுக்கு முள்ளங்கி, வெங்காயம், பூண்டு வாங்கச் செலவான தொகை அங்கே கல்லில் பொறிக்கப்பட்டிருந்ததாகத் தனக்குச் சொன்னார்கள் என்று கிரேக்கர் ஹெரோடோடஸ் எழுதிவைத்தார்.

நம் மலைக்கு வருவோம். பயிராகும் பூண்டு விதை கட்டுவதில்லை. பல்லையே நட்டு, பல்லாகவே அறுக்க வேண்டும். ஒரு பல் பல பற்களாகப் பெருகுவதற்கு அதற்குக் குளிர் வேண்டும். கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கூக்கால் ஊர்களில் படிப்படியாக வெட்டிய நிலங்களில் அது நன்றாக விளைவதும், கீழே தேனிச் சமவெளியில் நட்டால் வெறும் தாளாக நிற்பதும் இதனால்தான். மலைப் பூண்டு பல் சிறியது, நெடி அதிகம், உரிப்பதற்குப் பொறுமை வேண்டும். கட்டுக்கட்டாகத் தொங்கவிட்டுப் புகை காட்டி வைத்தால் பல மாதம் கெடாது. 2019ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மலையிலிருந்து இறங்கும் மூட்டைகளுக்குப் பெரியகுளம் பக்கத்து வடுகபட்டிச் சந்தை, நீலகிரிப் பூண்டுக்கு மேட்டுப்பாளையம் மண்டி. நாம் அன்றாடம் வாங்கும் பருத்த வெள்ளைப் பூண்டில் பெரும்பகுதி மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர், நீமச் பக்கமிருந்து வருவது. அதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் அதையே மலைப் பூண்டு என்று சொல்லி இரண்டு பங்கு விலை கேட்டால், ஒரு பல்லைக் கடித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வெங்காயம் குளிரைவிடப் பகலின் நீளத்தைப் பார்க்கும் பயிர். கோடையில் பகல் நீண்டு கிடக்கும் ஐரோப்பாவின் வகைகளை இங்கே நட்டால் தாள் மட்டும் வளரும், கீழே கட்டாது. நம் பன்னிரண்டு மணிப் பகலுக்குப் பழகிய வகைகளே நமக்கு உதவும். அவற்றிலே சின்ன வெங்காயம் தனி வகை: ஒன்றை நட்டால் கீழே கொத்தாகப் பிரிந்து பெருகும். பெரம்பலூர் மாவட்டத்துச் செட்டிகுளம், ஆலத்தூர் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய வரை அந்தப் பயிர்தான். இரண்டு மாதம் சொச்சத்தில் கைக்கு வந்துவிடும். அறுவடை செய்ததைக் காயவைத்து, தாளோடு பட்டறை போட்டு அடுக்குவார்கள். தரையிலிருந்து உயர்த்திக் கட்டி, காற்று ஊடுருவும்படி கம்பும் கீற்றும் வைத்து மேய்ந்த அந்தப் பட்டறைதான் விவசாயியின் வங்கி. விலை வரும்வரை வெங்காயம் அதில் காத்திருக்கும். அடைமழை பிடித்துக்கொண்டாலோ, வயலிலேயே அழுகல் நோய் கண்டிருந்தாலோ வங்கி திவால்.

இந்தக் கணக்கில் வெளியே தெரியாத ஒன்று உண்டு. சின்ன வெங்காயத்துக்கு வெங்காயமே விதை. எக்டேருக்கு ஏறத்தாழ 1,000 கிலோ விதைக் காய் வேண்டும். கடையில் விலை ஏறும்போது விதைக் காயின் விலையும் சேர்ந்து ஏறுகிறது. கிலோ நூறு ரூபாய்க்கு விதை வாங்கி நட்டவர், அறுவடை செய்யும் நாளில் எல்லாரும் அறுவடை செய்திருக்க, இருபது ரூபாய்க்கு மூட்டையை இறக்கிவிட்டு வருவதை நீங்கள் எந்தச் செய்தியிலும் பார்த்திருக்க மாட்டீர்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 5 ரகம் பூத்து விதை கட்டும். எக்டேருக்கு இரண்டரை கிலோ அளவு விதையே போதும். நாற்று விட்டு நடவேண்டும், சில வாரம் கூடுதலாகும், ஆனாலும் முதல் செலவு குறைகிறது. இப்படி ஒரு ரகத்துக்குக் கொடுக்க வேண்டிய விளம்பரத்தை நாம் வெங்காயக் காலுறைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பெரிய வெங்காயத்தின் கதை நாசிக்கில், லாசல்காவ் சந்தையில் நடக்கிறது. 1998ல் டெல்லியில் ஓர் ஆட்சி தேர்தலில் தோற்றதற்கு வெங்காய விலையும் ஒரு காரணம் என்று பேசப்பட்டது. அதிலிருந்து எந்த அரசாங்கத்துக்கும் வெங்காயம் என்றால் நடுக்கம். 2023 டிசம்பரில் ஏற்றுமதிக்குத் தடை போட்டார்கள்; 2024 மே மாதம்தான் எடுத்தார்கள். விலை ஏறினால் உடனே தடை வருகிறது. விலை சரிந்து வயலிலேயே உழுதுவிடும் நாளில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. நுகர்வோர் பக்கம் நின்று பேசுவது பத்திரிகைகளுக்கு வழக்கம். இந்த விஷயத்தில் நான் பட்டறைக்காரர் பக்கம். எதிர்மாதிரியும் பக்கத்திலேயே இருக்கிறது: 1970களில் இலங்கை அரசு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் போட்ட யாழ்ப்பாணத்து விவசாயிகள் கல்வீடு கட்டினார்கள். 1977ல் கதவு திறந்ததும் அந்தக் காலம் முடிந்தது. மண் அதே மண், உழைப்பு அதே உழைப்பு.

இனி, கேட்ட கேள்விகளுக்கு வருகிறேன்.

பூண்டு ரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் ஓரளவு குறைப்பதாகச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த ஓரளவை நம்பி மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள். பூண்டுக்கு ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும் குணம் உண்டு. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்களும், தினம் பச்சைப் பூண்டோ பூண்டு மாத்திரையோ எடுத்துக்கொண்டால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். குழம்பில் கிடக்கும் பூண்டுக்கு இந்தக் கவலை வேண்டாம். பருவுக்கும் தேமலுக்கும் பச்சைப் பூண்டை அரைத்துத் தோலில் கட்டிவைத்தால் தீப்பட்டதுபோல் கொப்புளம் போடும். குழந்தைகளுக்குச் செய்யவே கூடாது. வயிறு உப்புகிறது என்பவர்கள் பொய் சொல்லவில்லை. இவற்றிலுள்ள ஒரு வகை நார்ச்சத்து நம் குடலில் செரிப்பதில்லை; சிலருக்கு அதுவே உப்புசமாகிறது.

காலுறை வெங்காயம் காய்ச்சலைக் குறைக்காது. வெட்டிய வெங்காயம் கிருமிகளை உறிஞ்சி இழுக்காது. மூடிவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் போட்டு அடுத்த நாள் தாராளமாகச் சமையுங்கள். வெங்காயத் தோலில் தெரியும் கரும்பொடி சாதாரணப் பூஞ்சணம். 2021ல் பரபரப்பாகப் பேசப்பட்ட கறுப்புப் பூஞ்சை நோய்க்கும் அதற்கும் தொடர்பில்லை. அந்தத் தோலை எடுத்துவிட்டுக் கழுவினால் போதும். உள்ளே வரை கறுத்திருந்தால் மட்டும் தூக்கிப் போடுங்கள்.

யாரும் கேட்காத இரண்டு எச்சரிக்கைகளையும் சேர்த்துக்கொள்கிறேன். பச்சைப் பூண்டை எண்ணெயில் ஊறப்போட்டு அலமாரியில் வைப்பது இப்போது நாகரிகமாகியிருக்கிறது. காற்றுப் புகாத அந்த எண்ணெய்க்குள் பொட்டுலிசம் என்ற கொடிய நோயை உண்டாக்கும் கிருமி வளரலாம். 1985ல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட பலர் இதனால் படுத்தார்கள். அன்றன்று செய்து அன்றன்று தீர்த்துவிடுவது நல்லது. அடுத்தது, வெங்காய சாம்பாரில் பிசைந்த மிச்சச் சோற்றை நாய்க்கும் பூனைக்கும் வைக்காதீர்கள். வெந்தாலும் வேகாவிட்டாலும் வெங்காயமும் பூண்டும் அவற்றின் சிவப்பணுக்களை உடைத்துச் சோகையில் தள்ளும்.

பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பூண்டு கொடுப்பது சரியா என்று புதிதாய்ப் பாட்டியான ஒருவர் கேட்டிருந்தார். 1991ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு சுவையானது. பூண்டு உட்கொண்ட தாய்மாரின் பாலில் இரண்டு மணி நேரத்தில் அந்த வாசம் ஏறியது. பிள்ளைகள் முகம் சுளிக்காமல் வழக்கத்தைவிட அதிக நேரம் பால் குடித்தன. பால் ஊறும் என்பதற்கு அது சான்றாகாது. ஆனால் பத்தியக் குழம்பில் பூண்டை அள்ளிப்போடும் பாட்டியைப் பார்த்துக் குழந்தைக்கு ஆகாது என்று மிரட்ட வேண்டிய அவசியமும் இல்லை.

இது கத்திரி வெயில் காலம். மொட்டை மாடிகளில் வடகம் காயும். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் இடித்து, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை, உப்போடு பிசைந்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, பகலில் வெயிலும் இரவில் மூட்டமுமாகப் பல நாள் காட்டி எடுக்கும் அந்த உருண்டைதான் இந்தக் குடும்பத்திலிருந்து தமிழ்ச் சமையல் உண்டாக்கிய ஆகச் சிறந்த பொருள் என்பேன். இடிக்கும்போது எழும் காரம் முழுவதும் வெயிலில் அடங்கி வேறொரு மணமாகிவிடுகிறது. புதுச்சேரி வழியாக பிரான்சுக்குப் போன வடகம் அங்கே வடூவான் என்ற பெயரில் பெரிய உணவகங்களில் மீனுக்கும் இறைச்சிக்கும் தூவப்படுகிறது. இங்கேயோ போடத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

அதனால் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில், தெருவில், சொந்தத்தில் வடகம் போடும் ஒருவரிடம் உட்கார்ந்து அளவுகளைக் கேட்டு எழுதி அனுப்புங்கள். கைப்பிடி, படி, உழக்கு என்று அவர் சொல்கிற கணக்கிலேயே எழுதுங்கள், கிராமாக்க வேண்டாம். எத்தனை நாள் வெயில், எப்போது பிரித்து மறுபடி உருட்டுவது, பூண்டு உண்டா இல்லையா, எந்த ஊர் என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். ஆடி இதழில் அவற்றுக்கென்றே தனிப் பக்கங்கள் ஒதுக்குகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்